நாற்பத்தாறு வாழ்த்துகள்

நம்மாளுக்கு வேலை போய் நாற்பத்திரண்டு நாளாகிறது. என்ன வேலை என்று கேட்டால்தான் சிரிப்பு வரும். ஒரு பெரிய கம்பெனியில் ஆட்களை வேலைக்கு எடுக்கிற அதிகாரி. பத்தொன்பது வருஷம் மேஜைக்கு அந்தப் பக்கம் ஜம்மென்று உட்கார்ந்து, இந்தப் பக்கம் உட்கார்ந்தவர்களை வியர்க்க வைத்தவர். இப்போது அவருக்கே வியர்க்கிறது.

வேலை போனதைக்கூடத் தாங்கிக்கொண்டார். அதை நாலு பேரிடம் சொல்லத்தான் நாக்கு எழவில்லை.

"உங்க தொழில்காரங்களுக்குன்னு ஒரு சங்கம் இருக்குல்ல? அங்க சொல்லுங்க. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்," என்றாள் மனைவி.

அவரும் அழுதார், தன் பாணியில். சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் ஒரு மணி நேரம் யோசித்து இப்படி எழுதினார்: 'பத்தொன்பது ஆண்டு நிறைவான பயணத்துக்குப் பின், புதிய உயரங்களை நோக்கி என் அடுத்த அத்தியாயத்தைத் தொடங்குகிறேன்.'

மனைவி வாங்கிப் படித்தாள். "இதுல வேலை எங்கங்க இருக்கு?"

"தொழில்ல இருக்கறவங்களுக்குப் புரியும்."

நன்றாகவே புரிந்தது. சாயங்காலத்துக்குள் நாற்பத்தாறு வாழ்த்துகள். பூங்கொத்து, கைதட்டல், ராக்கெட் படம். ஒரு புண்ணியவான் மட்டும் தனியாக எழுதியிருந்தார்: 'புது இடத்துல என் மச்சானுக்கும் ஏதாவது பாருங்க சார்.'

மறுநாள் சங்கத்தின் செயலாளர் அம்மாவே போன் செய்தார். "சனிக்கிழமை காலையில, வேலை தேடுறவங்களுக்குப் பயிற்சி நேர்காணல் வச்சிருக்கோம். அவசியம் வாங்க சார். புதுசா ஒரு ஆஸ்பத்திரி வருது, ஆள் எடுக்கற பொறுப்புக்கு ஒருத்தர் வேணுமாம். நாம யாரைச் சொல்றோமோ அவங்களுக்குத்தான்."

நம்மாளுக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. சட்டைக்குக் கஞ்சி போட்டார். சான்றிதழ்களை வருஷ வாரியாக அடுக்கினார்.

நூலகத்து மாடியில் ஒரு நீள மேஜை. அந்தப் பக்கம் இரண்டு நாற்காலி, இந்தப் பக்கம் ஒன்று. நம்மாள் மரியாதையாக ஒற்றை நாற்காலியை நோக்கி நடந்தார். "அட, அங்க எங்க போறீங்க?" என்று செயலாளர் அம்மா அவரைத் தன் பக்கத்தில் உட்கார வைத்து, கையில் பேனாவையும் மதிப்பெண் தாளையும் கொடுத்தார்.

அப்போதுதான் விளங்கியது. அந்த அம்மா அவரைக் கேள்வி கேட்கக் கூப்பிட்டிருக்கிறார்! 'மேடம், நான் அந்தப் பக்கம்' என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? வாயைத் திறந்தார். "குடிக்கத் தண்ணி கிடைக்குமா?" என்றுதான் வந்தது.

முதலில் வந்தது ஒரு பெண். துணி ஆலையில் ஆள் எடுக்கிற வேலையில் ஆறு வருஷ அனுபவம். அங்கே ஆட்கள் ஏன் நிலைக்காமல் வேலையை விட்டுப் போய்க்கொண்டே இருந்தார்கள் என்று நம்மாள் கேட்டார்.

"பஸ் நேரத்தை மாத்திட்டாங்க சார். தினமும் பத்து நிமிஷம் லேட்டாகி, திட்டு வாங்கி, வெறுத்துப்போய் வேலையை விட்டு நின்னுட்டாங்க. ஷிப்டைக் கால் மணி நேரம் தள்ளி வைக்கச் சொன்னேன். அதுக்கப்புறம் யாரும் போகல."

"யாரு சொன்னாங்க உங்களுக்கு, பஸ்ஸுன்னு?"

"யாரும் சொல்லல. ஒரு வாரம் நானே அந்த பஸ்ல போனேன்."

நம்மாள் தன்னை மறந்தார். வேலை போனதையும் மறந்தார். நல்ல ஆள் கண்ணில் பட்டால் வருகிற அந்தப் பழைய சந்தோஷம் ஏறிக்கொள்ள, பத்துக்கு ஒன்பது போட்டார். பிறகு வந்த நான்கு பேரும் சுமார்தான்.

"ஆஸ்பத்திரிக்கு யாரைச் சொல்லலாம் சார்?" என்று கேட்டார் செயலாளர் அம்மா.

'என்னை' என்று சொல்ல வேண்டிய இடம் அது. பாழாய்ப்போன தொழில் புத்தி முந்திக்கொண்டது. "அந்தப் பொண்ணைத் தவிர வேற யாரு இருக்கா மேடம்?"

"ஆமா... வேற யாரு," என்று அவர் மெதுவாகச் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுப் பெயரைக் கொடுத்தார். பிறகு, "அடுத்த சனிக்கிழமையும் வந்து கேள்வி கேளுங்க சார்," என்றார்.

அதற்கு மேல் நம்மாளால் முடியவில்லை.

"நான் கேக்க வரல மேடம். பதில் சொல்ல வந்தேன். எனக்கு வேலை போயிடுச்சு. அந்த ஆஸ்பத்திரி வேலை எனக்குத்தான்னு நினைச்சேன்."

"அப்ப அந்தப் பயணம், உயரம், அத்தியாயம்?"

"எல்லாம் வேலை போன கதைதான்."

செயலாளர் அம்மா முகத்தைக் கைகளால் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று நம்மாள் பதறினால், சிரிப்பு!

"எனக்கு வேலை போய் ஏழு மாசம் சார். இன்னிக்கு நல்ல ஆள் யாரும் வரலைன்னா என் பேரைக் கொடுத்துடலாம்னு இருந்தேன். செயலாளரா இருந்துக்கிட்டு எனக்கு வேணும்னு எப்படிக் கேக்கறது? வேற யாரு இருக்கான்னு நீங்க கேட்டதும் வாயடைச்சுப் போச்சு."

இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். அதில் கொஞ்சம் நிஜ அழுகையும் இருந்தது. கௌரவம் பார்த்துப் பார்த்துக் கைக்கு எட்டியதை இருவருமாகச் சேர்ந்து தாரை வார்த்திருக்கிறார்கள்.

நம்மாள் தன் போனை எடுத்தார். தெரிந்த கம்பெனி முதலாளி ஒருவரைப் பிடித்து, "சார், ஒரு அம்மா இருக்காங்க, ஒரு சங்கத்தையே நடத்துறாங்க, இவங்களை விட்டா உங்களுக்கு ஆள் கிடைக்காது," என்று மூச்சு விடாமல் பேசினார். தனக்கென்றால் ஒரு வார்த்தை வராத வாய் அது.

மேஜையின் மறுகோடியில் அந்த அம்மாவும் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். "பத்தொன்பது வருஷ அனுபவம். பயணமெல்லாம் ஒண்ணும் இல்லைங்க. வேலை போயிடுச்சு, வேலை வேணும். அவ்வளவுதான்."