வெண்ணெயில் அளந்த இரண்டு பண்ணைகள்

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குக் கிடைத்தது எங்கள் ஊர் வரலாற்றுச் சங்கத்தில், ஓசி வாஃபிள் தின்னப் போன இடத்தில்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "பனி பொழிந்துகொண்டிருந்த அந்த மாலையில் டோர்குன்…" (வேண்டாம். நார்வேயில் பனி பொழியாவிட்டால்தான் செய்தி.)

சங்கச் செயலாளர் டோர்குன் பழைய வரிப்பதிவுகளைப் படித்து ஊர்ப் புத்தகம் தொகுக்கிறாள். அந்தக் காலத்தில் குத்தகையை வெண்ணெயாகவே கொடுத்ததால், நிலத்தின் மதிப்பையும் வெண்ணெய்க் கணக்கில்தான் எழுதுவார்கள். முழுதாக எழுதினால் மை தீர்ந்துவிடும்போல; ஊரில் இருக்கும் இரண்டு பெரிய பண்ணைகளில் மேல்பண்ணைக்கு "1 லௌ.", கீழ்பண்ணைக்கு "3 பு." என்று கிறுக்கி வைத்திருக்கிறார்கள். லௌப் ஓர் அளவு, புன் இன்னோர் அளவு.

2

எந்தப் பண்ணை பெரியது என்ற சண்டை இதை வைத்துத்தான்.

"மூணு பெருசா, ஒண்ணு பெருசா? சின்னப் புள்ளையக் கேளு," என்பார் கீழ்பண்ணை ஹால்வர்.

"யோவ், லௌப்புங்கிறது பெரிய அளவுய்யா!" என்பார் மேல்பண்ணை ஓஸ்முன். எத்தனை புன் என்று கேட்டால் மட்டும் அவருக்கு இருமல் வந்துவிடும்.

சங்கக் கூட்டத்தில் செயலாளர் ஊற்றும் முதல் காபி பெரிய பண்ணைக்காரருக்கே என்பது வழக்கம். தீர்ப்பு வரும்வரை இருவரும் தாங்களே எழுந்துபோய் ஊற்றிக்கொள்கிறார்கள்.

(இத்தனை வீம்பு பிடித்த மனுஷன் இருப்பாரா என்று ஓஸ்முன்மேல் எனக்கே சந்தேகம். பிறகுதான் தெரிந்தது, மனைவி போனபின் அவர் வெளியே வருவதே இந்தச் சண்டைக்காகத்தான். ஹால்வருக்கும் வேறு பேச்சுத்துணை கிடையாது. பாவமாக இருந்தது.)

3

டோர்குன் அளவு அட்டவணையைப் புரட்டினாள். மூன்று புன் சேர்ந்தால் ஒரு லௌப். தலைமுறை தலைமுறையாக அவரவர் தங்கள் பண்ணையின் பதிவை மட்டும் படித்திருக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தவர் ஒருவரும் இல்லை.

அவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு பயம். சண்டை தீர்ந்துவிட்டால் இந்த இரண்டு பேரும் எதைப் பேசுவார்கள்?

4

கதைக்கு ஒரு முடிவு: அவள் மறைத்துவிட்டாள். (முடியாது. பொய் சொன்னால் அவள் காது சிவந்துவிடும்.)

இன்னொன்று: சொன்னாள், இருவரும் கட்டிப்பிடித்துக்… (எங்கள் ஊரிலா? பஸ் நிறுத்தத்தில்கூட ஒட்டி நிற்க மாட்டார்கள்.)

அடுத்த கூட்டத்தில் நடந்தது இது.

"ரெண்டும் சரிசமம்தான்," என்றாள்.

ஓஸ்முன் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

ஹால்வர் தொண்டையைச் செருமினார். "சரி, அளவு ஒண்ணுதான். ஆனா உங்க பண்ணை வெண்ணெய்ல உப்பு ஜாஸ்தின்னு எங்க தாத்தா சொல்வாரு."

"உப்பா? உங்க வெண்ணெய்ல மாட்டு முடி கிடக்கும்னு ஊரே சொல்லுமேய்யா!" ஓஸ்முன் மறுபடி உட்கார்ந்து டோர்குனிடம் கோப்பையை நீட்டினார். ஹால்வரும் நீட்டினார்.

(அவள் யாருக்கு முதலில் ஊற்றினாள் என்று எழுதினால் நான் இந்த ஊரில் குடியிருக்க முடியாது. இந்தாருங்கள், காபிக் குடுவையை நீங்களே பிடியுங்கள். இரண்டு கோப்பையும் நீட்டியபடியே இருக்கின்றன. சீக்கிரம், காபி ஆறுகிறது.)