எறும்புகளுக்காக ஒரு பாட்டில்

ஜலஜா ஒரு பெண்கள் கல்லூரியில் விலங்கியல் சொல்லிக் கொடுத்தாள். அவளுடைய அண்ணன் ஸ்ரீரங்கன் தபாலாபீசில் குமாஸ்தா. மயிலாப்பூர் சித்திரக்குளத்துப் பக்கத்தில் இருவரும் ஒரே வீட்டில் இருந்தார்கள். அவர்களோடு முந்நூறு கட்டெறும்புகளும் இருந்ததுதான் தகராறு.

ஜலஜா ஆராய்ச்சிக்காக வளர்த்த அந்த எறும்புகள் கூடத்து மேஜைமேல் ஒரு கண்ணாடி மீன்தொட்டிக்குள் வசித்தன. மூடி போட்டால் உள்ளே வேர்த்து மண்ணில் பூஞ்சை பிடித்தது. மூடியை எடுத்தால் வெளியே வந்தன. ஜலஜா தொட்டியைத் தண்ணீர்த் தாம்பாளத்தில் வைத்துப் பார்த்தாள். மண்ணையும் சருகையும் கொண்டுவந்து போட்டுப் பாலம் கட்டிவிட்டன. விளிம்பில் வாசலைன் தடவினாள். சித்திரை வெயிலில் அது உருகி வழிந்தது.

1968இல், அந்தச் சித்திரையின் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பெருமாளுக்குத் திருவாராதனம் பண்ணிக்கொண்டிருந்த ஸ்ரீரங்கனைத் தொடையில் ஒரு கட்டெறும்பு கடித்தது. சாளக்கிராமத்தைக் கீழே போடாமல் இருந்ததே பெரிய விஷயம்.

"ஜலஜா! இந்தாத்துல ஒண்ணு நான் இருக்கணும், இல்லேன்னா அதுகள் இருக்கணும்!"

"ஒரு வழி இருக்கு அண்ணா. முகத்துக்குப் போடற பவுடரை ஸ்பிரிட்டுல குழைச்சு உள்விளிம்புல பூசிட்டா, காஞ்சப்புறம் அதுகளுக்குக் கால் வழுக்கும். பவுடர் இருக்கு. ஸ்பிரிட்தான் கிடைக்கலை. காலேஜ்ல பிரின்சிபால் கையெழுத்து இல்லாம ஒரு சொட்டு தர மாட்டேங்கறா. மதுவிலக்காம்."

"இவ்வளவுதானே? நான் கொண்டு வரேன்."

ராயப்பேட்டையில் ஸ்பிரிட்டில் அரக்கைக் கரைத்து மர பீரோக்களுக்குப் பாலிஷ் போடும் உமர் ஃபாரூக் அவருக்குப் பழக்கம். காலி இருமல் மருந்து பாட்டிலோடு ஸ்ரீரங்கன் நடந்தே போனார்.

"லைசென்ஸ் சரக்கு சாமி. மேஜை நாற்காலிக்குத்தான் யூஸ் பண்ணணும்" என்று உமர் ஃபாரூக் தயங்கினார்.

"இதுவும் மேஜைமேலதான் இருக்கு."

அரைப் பாட்டில் கிடைத்தது. மூடி எங்கோ தொலைந்திருந்ததால் காகிதத்தைச் சுருட்டி அடைத்து, பாட்டிலைச் சட்டைக்குள் இடுப்பில் செருகிக்கொண்டார். லஸ் முனைக்கு வருவதற்குள் காகிதம் ஊறி, சட்டையின் முன்பக்கம் முழுக்க நனைந்துவிட்டது.

கான்ஸ்டபிள் ஏகாம்பரம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு குறுக்கே வந்து நின்றார்.

"இன்னா ஐயரே, காலங்காத்தால கப்பு தூக்குது?"

"ஐயங்கார்" என்று திருத்தினார் ஸ்ரீரங்கன். அந்த நிலையிலும் அது முக்கியமாகப் பட்டது. "நான் குடிக்கலை. இது எறும்புக்கு."

"எறும்பு குடிக்குதா? எத்தினி வருசமா?"

"குடிக்கறதுக்கு இல்லேய்யா, வழுக்கறதுக்கு!"

"குடிச்சா எல்லாருந்தான் வழுக்கி விழுவான். நட ஊட்டுக்கு. அந்த எறும்ப நானும் பாக்குறேன்."

தெருவே வாசலுக்கு வந்து பார்க்க, நெற்றியில் திருமண்ணும் சட்டையில் நாற்றமுமாக ஸ்ரீரங்கன் போலீசோடு வீட்டுக்குள் நுழைந்தார். ஜலஜா பாட்டிலை வாங்கிப் பவுடரைக் குழைத்து, விளிம்பின் உட்புறம் பட்டையாகப் பூசினாள். ஸ்ரீரங்கன் விசிறியால் வீசிக் காயவைத்தார்.

முதல் எறும்பு ஏறியது. வெள்ளைப் பட்டையில் கால் வைத்ததும் மல்லாந்து விழுந்தது. இரண்டாவதும் விழுந்தது.

"அட!" என்று ஏகாம்பரம் தொப்பியைக் கழற்றிவிட்டுக் குனிந்தார். "தோ, அந்தக் குண்டு வருது பாரு... ஏறு நைனா, ஏறு... போச்சு!"

இன்னும் கிட்டே பார்க்கும் ஆசையில் கையிலிருந்த லத்தியைத் தொட்டிக்குள் சாய்த்து வைத்துவிட்டு, மேஜையோடு ஒட்டி நின்றார். லத்தியின் மறுமுனை அவர் அரைநிஜார்மேல் சாய்ந்திருந்தது. அந்தக் காலத்துப் போலீஸ் நிஜார் நல்ல அகலம். எறும்புகள் வரிசையாகப் போவதை முதலில் ஜலஜாதான் பார்த்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் ஏகாம்பரம் அலறிக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடினார்.

அரைமணி கழித்து, ஜலஜா கொடுத்த சுண்ணாம்பைத் தடவிக்கொண்டு முன்கட்டுக்கு வந்தார். "இத்த கேஸா எழுதினா ஸ்டேசன்ல என்னியதான் சிரிப்பானுங்க" என்று சொல்லி, மிச்ச ஸ்பிரிட்டைச் சாக்கடையில் கொட்டிவிட்டு, காலை அகட்டி அகட்டி நடந்து போனார்.

போலீஸ் போனாலும் பேச்சு போகவில்லை. மறுநாள் கோவிலில் பாசுரம் சொல்லும் கூட்டத்தில் ஸ்ரீரங்கனுக்கு இரண்டு பக்கமும் ஆள் உட்காரவில்லை. அவருக்கு அழுகையே வந்துவிட்டது. மானம் போகாமல் இருக்க ஒரே வழிதான் தெரிந்தது. தெருக்காரர்களை ஒவ்வொருவராக வீட்டுக்குக் கூப்பிட்டுத் தொட்டியைக் காட்டினார்.

"பாருங்கோ, வழுக்கறதா? இதுக்குத்தான் ஸ்பிரிட். அந்த ஓரத்துல இருக்காளே, அவதான் ராணி. கிட்டப் போகாதேள், பயப்படுவா."

ஒரு வாரத்தில் பதினோரு பேர் வந்து பார்த்தார்கள். கல்லூரியிலிருந்து திரும்பிய ஜலஜா, அண்ணன் தன்னைவிட நன்றாகப் பாடம் நடத்துவதைக் கதவோரம் நின்று கேட்டாள். தொட்டியை எடுக்கச் சொல்லும் பேச்சே அதற்குப்பின் வரவில்லை. எடுத்துவிட்டால் அவரிடம் சாட்சி ஏது?

கடைசியாக வந்தவர் பாசுரக் கூட்டத்துத் தலைவர் சுந்தரராமன். வெகுநேரம் எறும்புகளைப் பார்த்தார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். விடைபெறும்போது ஸ்ரீரங்கனை வாசலுக்கு அழைத்துப்போய், சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் காதோடு கேட்டார்:

"எங்காத்துலயும் எறும்பு ஜாஸ்தியா இருக்கு ஓய். அந்த ஸ்பிரிட் எங்க கிடைக்கும்னு சொன்னீர்?"