நீலத் தாளுக்குள் மாதா

லுவாவின் புருஷன் தோவான் பன்னிரண்டு வருஷமாகக் கோயில் வாசலை மிதிக்காதவன். நிலத்தகராறில் கூடப்பிறந்த அண்ணனைக் கைநீட்டி அடித்துவிட்டு, "மன்னிப்புக் கேள்" என்ற சாமியாரையும் வாய்க்கு வந்தபடி திட்டியவன். இப்போது ஈரல் கெட்டு, ஹனோய் ஆஸ்பத்திரியில் கைவிரித்த பிறகு, வீட்டில் கிடக்கிறான். போன வாரம் திடீரென்று சொன்னான்.

"சப்பரம் நம்ம வீட்டத் தாண்டித்தானே போகும்? மாதா ஒரு தடவ என் பக்கம் பாத்தாப் போதும். அப்புறம் பயமில்லாமப் போயிடுவேன்."

நோயாளி படுத்திருக்கும் வீட்டு முன்னால் பெரிய முரசில் ஒற்றை அடி விழும். சப்பரம் நிற்கும், மாதாவின் முகத்தை வாசல் பக்கம் திருப்புவார்கள். அது ஊர் வழக்கம். முரசடிக்கும் தியெம் மாமாவிடம் லுவா சொல்லிவைத்தாள். திருவிழா அன்று கட்டிலை வாசலுக்கு இழுத்துப்போட்டு, மேஜையில் பம்பளிமாஸும் ஊதுபத்தியும் வைத்தாள். சப்பரம் தூக்கும் எட்டுப் பெண்களில் அவளும் ஒருத்தி என்பதால், வெள்ளை அங்கியை மாட்டிக்கொண்டு ஓடினாள்.

இந்த வருஷம் மாதாவுக்குச் சரிகைப் பட்டில் புது அங்கி, அதே பட்டில் தலைப்பாகை. அதைத் தைக்கக் கொடுத்த நாளிலிருந்து திருவிழாக் கமிட்டிக்காரர்களுக்குத் தலைகால் புரியவில்லை. நின்கோ ஆற்றங்கரை முக்கில் வானம் லேசாகக் கறுத்ததும் தலைவர் பாய்ந்து வந்தார்.

"பட்டு நனையப்போகுது! மூடுங்க! வேகமா நடங்க!"

நெல் மூடும் நீலப் பிளாஸ்டிக் தாளை மாதாவுக்குத் தலையோடு கால் சுற்றிக் கயிறு கட்டினார்கள். முரசு ஓட்டநடை பிடித்தது.

"மாமா, என் வீடு வருது! ஒத்த அடி!" என்று லுவா கத்தினாள். பேண்டுக்காரர்கள் காதைப் பிளந்துகொண்டிருந்தார்கள்.

"நடடி! நீ நின்னா மாதா குப்புற விழுவா," என்று பின்னாலிருந்த மியென் அவள் முதுகில் இடித்தாள்.

எட்டுத் தோளில் ஒரு தோள் என்ன செய்யும்? வாசல் வந்தது. தோவான் முழங்கையை ஊன்றி எழுந்திருந்தான். தலையைத் தண்ணீர் தொட்டு வாரியிருந்தான். சிலுவை போட நெற்றிக்குப் போன கை பாதியில் நின்றது. அதற்குள் வாசல் போய்விட்டது. லுவா அழுதுகொண்டே நடந்தாள்.

கோயிலில் தாளை அவிழ்த்தார்கள். ஒரு துளி மழை விழவில்லை.

"நல்லவேளை, மடிப்புக்கூடக் கலையல," என்று தலைவர் பூரித்தார். லுவா தியெம் மாமாவைத் தேடிப் போனாள்.

"ஐயோ, அவசரத்துல மறந்தே போச்சேம்மா," என்று தியெம் மாமா தலையில் கைவைத்தார்.

"இன்னொரு தடவ தூக்கிட்டு வாங்க மாமா. பக்கந்தானே?"

"உள்ள ஏறின மாதா அடுத்த வருஷந்தாம்மா இறங்குவா."

லுவா வீட்டுக்கு ஓடினாள். தோவான் சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான்.

"என்னங்க, மழை வரும்னு மூடிட்டாங்க. பட்டுக்காகத்தாங்க."

"மழையா?" அவன் திரும்பாமலே கையை வாசல் பக்கம் நீட்டினான். வாசல் புழுதி காய்ந்து கிடந்தது. "அவ யாரையும் திட்டமாட்டா லுவா. பாக்கப் பிடிக்கலன்னா முகத்த மூடிக்குவா."

மழைக்குப் பயந்து மூடியதுதான் என்று லுவா மாதா மேலேயே சத்தியம் செய்தாள். "சரி, சரி, அழாத," என்று அவள் கையைத் தட்டிக்கொடுத்தான். நம்பவில்லை.