லாபம், ரெண்டு, மூணு

"கோளாறு உன் கண்ணுல கீது, தாசு—"

"என் கண்ணை வுடு பாய், ஒரு தோட்டா உதைக்குது, ஒரு தோட்டா இருமுது—"

"—போய் டாக்டராண்ட காட்டுன்னு போன மாசமே சொன்னேனா இல்லியா—"

"—இருமுறது உன் தோட்டா. அதைக் கூட்டிகினு போய்க் காட்டு."

செங்கல்பட்டு பஜாரில் நூர்முகமதுவின் கடைக்குத் துப்பாக்கிக் கடை என்று பேர். உள்ளே மூன்று துப்பாக்கிகள் இருந்தன. மூன்றும் விற்காமல் இருந்ததால்தான் இருந்தன. வேர்க்கடலை விளையும் காலத்தில் பன்றி விரட்டுகிறவர்கள் வருவார்கள். மற்ற நாளெல்லாம் ரைபிள் கிளப்பை நம்பித்தான் அடுப்பு எரிந்தது. வெளிநாட்டுத் தோட்டா வரத்து நின்றுபோன பிறகு, சுட்டு முடித்த பித்தளைக் கூடுகளைக் கிளப்புக்காரர்கள் பொறுக்கிக்கொண்டு வருவார்கள். நூர்முகமது அவற்றில் புதுக் கேப்பு வைத்து, மருந்து அளந்து போட்டு, ஈயக் குண்டை மேலே அழுத்தித் தருவார். அதற்கான சர்க்கார் லைசென்ஸ் சுவரில் கண்ணாடிக்குள் தொங்கியது. அவருடைய கைத்திறமைக்குத் தனியாக லைசென்ஸ் கிடையாது. இருந்திருந்தால் அதையும் மாட்டியிருப்பார்.

ஞானதாஸ் கல்பாக்கத்தில் டெக்னீஷியன். கிளப்பின் ரிவால்வரை எடுத்தால் அவன்தான் எடுக்க வேண்டும் என்று பேர் வாங்கியவன். ஞாயிற்றுக்கிழமை போட்டி. ஜெயிக்கிறவனுக்கு மெட்ராஸ் டீமில் இடம்.

"ஞாயித்துக்கிழமையும் உன் தோட்டா இப்படியே விளையாடிச்சுன்னா எனக்கு டீம் போச்சு," என்றான் ஞானதாஸ். "உனக்குக் கிளப்பே போச்சு. செக்ரட்டரி லட்சுமணன் சாரு சொல்லிட்டாரு. இனிமே மவுண்ட் ரோடு கடையிலதான் வாங்கறதாம்."

கிளப் போனால் அடுப்பும் போகும் என்பது நூர்முகமதுவுக்குத் தெரியும். அதை அவர் வெளியே காட்டவில்லை. வெளியே காட்டியது கையை.

"இந்தக் கையைப் பாரு. எங்கத்தா அரிசி மண்டியில படி அளந்த கை. இதுல தப்பு வராது. கடக்காத்து ஈரம்பா அது. மருந்து நமுத்துப் போச்சு."

"எல்லாம் ஒரே டப்பா மருந்து. பாதி மட்டும் நமுத்துச்சா?"

"கிளப் ரிவால்வர்ல துரு."

"நான்தான் தெனம் எண்ணெய் போடறேன்."

"அப்ப எண்ணெய் ஜாஸ்தி."

கடைக்குப் பின்னால்தான் வீடு. நடுவில் ஒரு திரை. திரைக்கு அந்தப் பக்கம் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த சுல்தான் பீவியின் குரல் வந்தது. "காத்து, மருந்து, ரிவால்வரு, எண்ணெய், தாசு தம்பி கண்ணு. எல்லாத்தையும் சொல்லி முடிச்சிட்டீங்க. இன்னும் ரஷ்யாக்காரன் ஒருத்தன்தான் பாக்கி."

"நீ அரிசியைப் பாரு."

"அதைத்தான் பார்க்கிறேன். இதுலயாவது கல்லு எதுன்னு தெரியுது."

ஞானதாஸ் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "பாய், பேச்சு வேணாம். என் கண்ணு முன்னாடி ஆறு தோட்டா போடு. நான் பார்த்துகினு இருக்கேன்."

பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் பாடச் சொன்னதுபோல நூர்முகமது கொஞ்சம் சிணுங்கினார். பிறகு ஆறு கூடுகளை வரிசையாக நிறுத்தினார். பழைய தோட்டாக் கூட்டைக் குட்டையாக அறுத்து, பித்தளைக் கம்பியைப் பிடியாகப் பற்றவைத்த கிண்ணி ஒன்று இருந்தது. அதுதான் அளவு. பிஸ்மி சொல்லி அதை மருந்துக்குள் விட்டார்.

"லாபம்," என்றார். கிண்ணியின் வாய்க்கு மேல் மருந்து கோபுரமாக நின்றது. அப்படியே கூட்டில் கொட்டினார்.

"ரெண்டு." அட்டையால் வழித்துவிட்டுக் கொட்டினார். "மூணு. நாலு. அஞ்சு." எல்லாம் வழித்த அளவு, ஒன்றுக்கொன்று அச்சு மாதிரி. ஞானதாஸே அசந்துபோனான்.

"ஆறு." வழித்தார், கொட்டினார். பிறகு, மூக்கின் மேல் உட்கார்ந்த ஈயை ஓட்டுகிறவர் எவ்வளவு யோசிப்பாரோ அவ்வளவு யோசித்து, இரண்டு விரலால் ஒரு சிட்டிகை எடுத்து அதன்மேல் போட்டார்.

"பாய்."

"இன்னாப்பா?"

"அது இன்னா?"

"எது?"

"இப்ப போட்டியே, சிட்டிகை."

"அதா? கொசுறு."

ஞானதாஸ் ஆறு கூடுகளையும் விரலால் தொட்டு எண்ணினான். "ஒண்ணு எங்க பாய்? லாபம்னு ஆரம்பிச்சு ரெண்டுக்குப் போயிட்டே."

"மண்டியில எவன்யா ஒண்ணுன்னு எண்ணுவான்? மொத படி லாபம். அதைக் குவிச்சுத்தான் அளக்கணும், அப்பத்தான் யாவாரம் விளங்கும். கடைசிப் படிக்குக் கொசுறு. வாங்கறவன் மனசு நெறையணுமில்ல."

"ரிவால்வருக்கு மனசு எங்க பாய் கீது?"

"ரிவால்வருக்கா போட்டேன், உனக்குப் போட்டேன். ரோட்ல போறவனுக்கா போடுவேன் நான்?"

"அப்ப ஆறுக்கு ரெண்டு தோட்டா உதைக்கும். ஆறாறா அளந்து, எல்லாத்தையும் ஒரே பிஸ்கோத்து டின்ல கொட்டிக் குலுக்கித் தர்ற. எப்ப எது உதைக்கும்னு எனக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. ரெண்டு மாசமா நான் மூச்சை அடக்கிப் பார்த்தேன், டீயை நிறுத்திப் பார்த்தேன், எங்க வூட்டுல மேரி சொன்னான்னு மாதா கோயில்ல மெழுகுவத்தி கூட ஏத்தினேன்."

திரைக்குப் பின்னால் முறத்தின் சத்தம் நின்றிருந்தது. "தம்பி, அவரு ஆசையாத்தான் செஞ்சிருக்காரு," என்றாள் சுல்தான் பீவி. "கையில வச்சு வெடிக்கிற சாமானாச்சேங்கிற ஒரே ஒரு யோசனைதான் வரலை. மத்தபடி தங்கமான மனசு."

"குவிக்காம வழிச்சுத் தலைதட்டி அளக்கிறவன்னு எனக்குப் பேரு வாங்கிக் குடுக்கப் பார்க்கிறீங்க, ரெண்டு பேரும்," என்றார் நூர்முகமது. கிண்ணியை எடுத்துத் தள்ளி வைத்தார். "எங்கத்தா எவனுக்கும் தலைதட்டி அளந்ததில்லே."

"எங்கம்மாவுக்கு அளந்தாங்க பாய்," என்றான் ஞானதாஸ். "உங்கத்தா இல்ல, நெலத்துக்காரங்க. கூலி நெல்லு. மரக்காலு மேல கட்டையை வச்சு நறுக்குனு வழிச்சு, வழிச்சதைக் கூட்டி அவங்க பக்கமே தள்ளிப்பாங்க. ஒரு கைப்பிடி மேல போட மாட்டாங்களான்னு எங்கம்மா நிக்கும். அப்பல்லாம் ஒருத்தன் கொசுறு போடலை. இப்ப நானே கேட்டு வாங்கிக்கிறேன். எனக்குத் தலைதட்டி அள. முப்பது தோட்டா. முப்பதும் தலைதட்டு."

இந்த முறை காற்றையும் துருவையும் இழுக்காமல், நூர்முகமது ஆறு கூடுகளில் இருந்த மருந்தையும் டப்பாவில் திருப்பிக் கவிழ்த்தார்.

வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்து வந்து சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தார். எதிரில் சுல்தான் பீவி காவலுக்கு.

"லாபம்," என்று சொல்லிக்கொண்டே கிண்ணியை வழித்தார்.

"வாயி லாபங்குது."

"கை தலைதட்டுதில்ல? வாய்க்கு எதுக்கு உனக்குக் கணக்கு?"

"வாயி சொல்றதைக் கை கேட்டுடப் போவுதேன்னு பார்க்கிறேன். இந்த வூட்டுல வேற யாரு சொல்றதையும் கேக்காத கையாச்சே."

ஒவ்வொரு ஆறாவதுக்கும் விரல்கள் தானாக மருந்து டப்பா பக்கம் நகரும். சுல்தான் பீவி இருமுவாள். விரல்கள் திரும்பிவிடும். அன்று அவள் நான்கு முறை இருமினாள். ஐந்தாவது இருமலுக்குத் தயாராக இருந்தபோது வாசலில் குரல் கேட்டது. கடப்பாக்கத்து மீன்காரி பொன்னி.

"வஞ்சிரம்மா, வஞ்சிரம்."

காவல் எழுந்து போய்விட்டது. நூர்முகமது முப்பதாவது கூட்டில் மருந்தை வழித்துக் கொட்டினார். வாசலில் பேரம் நடந்தது, முடிந்தது, பிறகு சுல்தான் பீவியின் குரல் கணீரென்று வந்தது.

"இன்னா பொன்னி, இவ்ளோ வாங்கியிருக்கேன், வெறுமனே எடுத்துகினு போறதா? நாலு நெத்திலி கொசுறு போடு. கொசுறு போடாத மீனை நான் என்னிக்கு வாங்கியிருக்கேன்?"

அவள் உள்ளே வந்தபோது முப்பதாவது குண்டு இறுக்கி முடிந்திருந்தது. டின் மூடியிருந்தது. பழக்கப்படி ஒரு குலுக்கும் குலுக்கியாகிவிட்டது.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

"எல்லாம் தலைதட்டுத்தானே?"

"பின்னே?" என்றார். விரல்கள் டப்பா பக்கம் போனது அவருக்கு நினைவிருந்தது. வெறும் விரலாகத் திரும்பினவா என்பதுதான் நினைவில்லை. முப்பதையும் பிரித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். முப்பதையும் பிரிப்பதென்றால் எதற்கு என்று மனைவிக்குச் சொல்ல வேண்டும். வஞ்சிரம் வறுபடும் வாசனை வந்ததும், விரல் வெறுமனேதான் வந்தது என்று முடிவு செய்துகொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை, மாமல்லபுரத்துக்குத் தெற்கே சவுக்குத் தோப்பை ஒட்டின மணல்மேட்டில் போட்டி. நூர்முகமது கிளப் செக்ரட்டரி லட்சுமணனுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். லட்சுமணன் வக்கீல், நல்ல வார்த்தையைக்கூடக் குறுக்கு விசாரணை மாதிரிதான் சொல்லுவார்.

ஞானதாஸ் சுட்டான். உதைக்கவில்லை, இருமவில்லை. ஒரே சத்தம், ஒரே குலுக்கல். அட்டையில் ஓட்டைகள் ஒரு நாலணாக் காசு அகலத்துக்குள் வந்து விழுந்தன.

"பாய், உங்க தோட்டாவா இது? இல்லே, மவுண்ட் ரோடுல வாங்கி டின்னை மாத்திட்டீங்களா?" என்றார் லட்சுமணன். "இப்படியே முடிஞ்சா உங்களை வுடறதா இல்லே. வருஷம் பூரா கிளப்புக்கு நீங்கதான்."

நூர்முகமது சிரித்தார். முதல் பத்து தோட்டா வரைக்கும் சிரித்தார். இருபது ஆனதும் சிரிப்பு குறைந்தது. ஒவ்வொன்றும் ஒழுங்காக வெடிக்க வெடிக்க, அவருக்கு மனம் குளிர வேண்டியது போய், வியர்க்க ஆரம்பித்தது. கொசுறு விழுந்திருந்தால் அது இன்னும் வெளியே வரவில்லை. இருபத்தைந்தில் வரவில்லை. இருபத்தெட்டில் வரவில்லை. இருபத்தொன்பதாவதும் அச்சு மாதிரி வெடித்தது.

மிச்சம் ஒன்று. அதைத் தாண்டிவிட்டால் ஞானதாஸ் மெட்ராஸ் டீம்.

இப்போது சொன்னால், மாற்றுத் தோட்டா கிடையாது, எண்ணித் தந்தது முப்பதுதான். போட்டியும் போகும், இத்தனை பேர் முன்னால் கடையும் போகும். சொல்லாவிட்டால், ஒன்றும் இல்லாமலும் போகலாம். விரல் வெறுமனேயும் வந்திருக்கலாம். அவர் தன்னையறியாமல் நாற்காலியை விட்டுப் பாதி எழுந்திருந்தார். வலது கை முன்னால் நீண்டிருந்தது. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும், இடையில் எதையோ பிடித்திருப்பதுபோல ஒட்டியிருந்தன.

"உக்காருங்க பாய், மறைக்குது," என்றார் லட்சுமணன்.

ஞானதாஸ் கையைத் தாழ்த்தினான். திரும்பிப் பார்த்தான். முதலில் அவர் முகத்தைப் பார்த்தான். பிறகு அந்த இரண்டு விரல்களைப் பார்த்தான்.

"பாய்," என்றான், "இதுவும் தலைதட்டினதுதானே?"