சர்நேம் கட்டம்

ஹில்ஸ்பரோவில் நான் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரர் யோசெப் பிளாஹா, செக் நாட்டுக்காரர். எழுபது வயது. கண் பார்வை போய்விட்டது, பேச்சு மட்டும் நீளம். எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு கொழும்பிலிருந்து இந்த நாட்டுக்குத் தனியாக வந்த எனக்கும் கதைக்க வேறு ஆளில்லை. ஒருவரையொருவர் சகித்துக்கொண்டோம்.

1948இல் கம்யூனிஸ்டுகள் ஆட்சியைப் பிடித்து அவர் நாட்டைவிட்டு ஓடியபோது மூன்று வயது மகள் லுட்மிலா தாயோடு அங்கேயே தங்கிவிட்டாள். பிறகு ஒரு தகவலும் இல்லை.

"எங்கள் நாட்டில் பிறப்புப் பதிவின் ஓரத்தில் கல்யாணத்தையும் சாவையும் குறித்து வைப்பார்கள். அதைப் பார்த்தால் அவள் இருக்கிறாளா என்று தெரிந்துவிடும்" என்றார்.

அந்தப் பதிவின் நகல் கேட்டு அங்கே அனுப்பும் விண்ணப்பத்தை நான்தான் நிரப்பினேன். டைப்பிஸ்ட் என்ற திமிர் வேறு. அவரைக் கேட்டால் அரை நாள் கதை சொல்வார் என்று எனக்குத் தெரிந்ததை நானே போட்டேன். என் பாஸ்போர்ட்டில் சர்நேம் ஜெயரட்ணம். அது என் அப்பாவின் சொந்தப் பெயர். ஆகவே லுட்மிலாவின் சர்நேம் கட்டத்தில் யோசெப் என்று அழகாக அடித்தேன். நான் விரலைப் பிடித்து வைத்த இடத்தில் அவர் கையெழுத்துப் போட்டார்.

ஏழு மாதம் கழித்துப் பதில் வந்தது. நீங்கள் கேட்ட பெயரில் பிறப்பு எதுவும் பதிவாகவில்லை என்று வாசித்துக் காட்டினேன்.

"பெயரையே அழித்துவிட்டார்கள். அப்படியென்றால் பிள்ளையும் போய்விட்டாள்" என்றார்.

அதன் பிறகு அவர் மகளைப் பற்றிப் பேசவே இல்லை. என்னோடும் பேச்சுக் குறைந்தது. வீடு பயமாக இருந்தது. 1987 ஜூலையில் செத்துப்போனார்.

அடக்க ஏற்பாடு செய்யும் அலுவலகத்தில் இறப்புப் பதிவுக்கு விவரம் எழுதியவள் எலிசபெத், மலேசியத் தமிழ்ப் பெண்.

"உயிரோட இருக்கிற பிள்ளைங்க? ஆணா பெண்ணா, வயசு என்னன்னு எழுதணும்க்கா."

"ஒருத்தரும் இல்லை. இஞ்ச பாருங்கோ, கடிதம் இருக்கு."

கடிதத்தோடு விண்ணப்பத்தின் நகலும் இருந்தது. அதைத்தான் அவள் பார்த்தாள்.

"மகளுக்கு ஏன் சர்நேம் யோசெப்? அவரு பிளாஹா இல்லையா?"

"ஓம். தகப்பன்ர பேரைத்தானே போடுறது?"

"அது நமக்குக்கா. அவங்களுக்குக் குடும்பப் பேரு போடணும்."

இல்லாத ஒரு பெயரைத்தான் நான் தேடச் சொல்லியிருக்கிறேன் என்று அப்போதுதான் புரிந்தது. இருந்தும் அன்று பிள்ளைகள் இல்லை என்றே எழுதிக்கொடுத்துவிட்டு வந்தேன். எந்த முகத்தோடு வேறு எழுதுவது?

பிறகு சர்நேம் பிளாஹா என்று போட்டு மறுபடி விண்ணப்பித்தேன். ஜனவரியில் பதிவின் நகல் வந்தது. லுட்மிலா பிளாஹோவா, பெண்களுக்குப் பெயர் அப்படித்தான் முடியுமாம். ஓரத்தில் 1967இல் கல்யாணம், கணவன் பெயர், ஊர். சாவுக் குறிப்பு இல்லை.

இறப்புப் பதிவைத் திருத்திக் கொடுத்தார்கள். உயிருடன் உள்ள பிள்ளைகள்: பெண், 42.

லுட்மிலாவுக்கு இன்னும் எழுதவில்லை. உன் அப்பா உன்னைத் தேடினார், நீ செத்துவிட்டாய் என்று நம்பியே போனார், அப்படி நம்பவைத்தது நான்தான் என்று எப்படி எழுதுவது?