வாசலில் நின்ற டாக்டர்

"ஒத்த ஆளுக்குன்னு எழுதுன கதைட்டி அது. இன்னொருத்தன உள்ள விட்டா—"

"விட்டா என்ன, கப்பல் பாரம் தாங்காதா? நான் சொல்லுதத செத்த—"

"நீ சொல்லுதத ஒரு வாரமாக் கேட்டாச்சு. எல்லாரும் பனிப்பெட்டிக்குள்ள தூங்குதாவ, ஒருத்தன் மட்டும் முழிக்கான். அதான் ஆட்டமே. ரெண்டு பேரு முழிச்சா அது பஸ் ஸ்டாண்டு."

"பஸ் ஸ்டாண்டுலதான் ஆளுக இருப்பாவ. ஒன் கப்பல்ல யாரு இருக்கா?"

இன்பம் திரையைத் துணியால் துடைக்கத் தொடங்கினாள். ஆரிபா அதைத் தன் கணக்கில் வரவு வைத்துக்கொண்டு சேரில் சாய்ந்தாள்.

கல்லூரியில் ஒன்றாகப் படித்து, ராஜபாளையத்தில் ஒன்றாகக் கம்ப்யூட்டர் சென்டர் திறந்தவர்கள். தொண்ணூற்றெட்டாம் வருஷம் அந்த விளையாட்டையும் ஒன்றாகத்தான் செய்தார்கள். கதை இன்பத்துடையது, புரோகிராம் ஆரிபாவுடையது. தூரத்து நட்சத்திரத்துக்குப் போகும் ஒரு கப்பல். ஆடுபவர் காவலாளி. அவருக்குத் துணை, கம்ப்யூட்டரே ஆட்டுவிக்கும் ஒரு டாக்டர். கடைசிக் கட்டத்தில் கப்பலில் ஓட்டை விழும், காற்று ஒழுகும். உள்ளறைக் கதவைச் சாத்தினால் காவலாளி பிழைப்பான், வாசலில் நிற்கிற டாக்டர் வெளியே மாட்டிச் செத்துவிடுவார். அந்தக் கதவுக்காகத்தான் இன்பம் முழுக் கதையையும் எழுதினாள். யாரையும் கேட்காமல், தனியாக, ஒருவன் முடிவெடுக்க வேண்டும்.

கல்யாணமாகி ஆரிபா ஸ்ரீவில்லிபுத்தூர் போனாள். மடவார் வளாகத்தில், மாமியார் வீட்டு முன்னறையிலேயே இன்னொரு சென்டர் போட்டாள். போட்ட கையோடு, போன் வழியாக இரண்டு ஊரையும் இணைத்து இரண்டு பேர் ஆடும்படி விளையாட்டை மாற்றியும் விட்டாள். டாக்டராக இனி அங்கிருந்து ஓர் ஆள் ஆடுவார். மதுரைக் கண்காட்சிக்கு ஒரு குழு ஒரு விளையாட்டுத்தான் தரலாம். நாளைக் காலை இன்பம் அதைக் கொண்டுபோக வேண்டும். எதை என்பதுதான் சண்டை.

"ரெண்டு பேரு ஆட்டத்த ஆட விட்டுப் பாப்போம். பொன்னுராஜ் இங்க ஒக்காரட்டும், அங்க என் கொழுந்தன் ஹுமாயூன் ஒக்காருவாரு" என்று ஆரிபா எழுந்தாள். "நான் பஸ் ஏறுதேன். தோத்தவ வாயத் தொறக்கக் கூடாது."

"ஒன் வாய மூட ஒரு ஆட்டம் பத்துமாட்டி?"

பொன்னுராஜ் பேண்டேஜ் துணி மில்லில் வேலை பார்ப்பவன். காலை ஷிப்டு முடித்து, தலையில் பஞ்சோடு வந்து வாடிக்கையாளர் சேரில் உட்கார்ந்தான். இந்தக் கப்பலை அவனை விட நன்றாக ஓட்டியவர் கிடையாது. அதை அவனே எல்லோரிடமும் சொல்வான்.

மோடம் கீச்சிட்டு இணைந்தது. திரையில் டாக்டர் வந்து நின்றார். ஆங்கில எழுத்தில் தமிழ் ஓடியது.

"சாப்டாச்சா?"

"ஆச்சு. அங்க மழையா?"

"தூறுது. அய்யனார் கோவில் அருவில தண்ணி விழுதா?"

இன்பம் தலையில் கை வைத்தாள். "ஏலே, நீ பூமிய விட்டுக் கெளம்பி நூறு வருஷம் ஆவுது."

"ஊர விசாரிக்காம எப்படிக்கா? மரியாதை இல்ல."

பாதிக் கப்பலை அரட்டையிலேயே கடந்தார்கள். விளக்கு அணைந்து முனகல் கேட்கிற இடத்தில், தனியாக ஆடுகிறவர்கள் சேரைப் பின்னால் தள்ளுவார்கள். இவர்கள் முனகினது யாருடைய சித்தப்பா என்று கேலி பேசினார்கள். இன்பத்துக்குத் தெம்பு ஏறியது. இதை ஆரிபாவிடம் எந்தச் சொல்லில் சொல்ல வேண்டும் என்று யோசிக்கத் தொடங்கினாள்.

கடைசிக் கட்டம் வந்தது. ஓட்டை விழுந்தது, காற்று இறங்கியது. பொன்னுராஜ் உள்ளே ஓடினான். டாக்டர் பின்னால் வந்து, வாசலில் அப்படியே நின்றுவிட்டார்.

"உள்ள வாங்க" என்று பொன்னுராஜ் தட்டினான். பதில் இல்லை. "டாக்டரே. ஹுமாயூன் அண்ணே."

மோடத்தில் விளக்கு அணைந்திருந்தது. "லைன் போயிருச்சுலே" என்றாள் இன்பம். "கதவச் சாத்து."

"புடிச்சு உள்ள இழுக்க வழி இல்லையா?"

"அத நான் எழுதல. சாத்து. எத்தன தடவ சாத்திருக்க."

"அது கம்ப்யூட்டரு, அக்கா. இது அவரு. இப்பத்தான சாப்டாச்சான்னு கேட்டாரு."

"அவரு ஸ்ரீவில்லிபுத்தூர்ல சேர்ல ஒக்காந்திருக்காரு."

"தெரியும். வந்துருவாரு."

காற்று இறங்கிக்கொண்டே இருந்தது. அவன் கீபோர்டிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். இன்பம் திரையையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். இதுவரை ஆடிய அத்தனை பேரும் டாக்டர் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினவர்கள்தான். சாத்திவிட்டு, அடுத்து என்ன என்பார்கள். அந்த வாசலில் ஒருவன் தயங்க வேண்டும் என்றுதான் அவள் அந்தக் கதையை எழுதினாள். ஒருவனும் தயங்கியதில்லை.

காவலாளி விழுந்தான். திரை கறுத்தது.

"நான் நின்னது அவருக்குத் தெரியுமாக்கா?" என்று பொன்னுராஜ் கேட்டான்.

இன்பம் போனை எடுத்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போட்டாள். முதல் மணியிலேயே ஆரிபா எடுத்தாள்.

"மாமி உள்ள இருக்க போன எடுத்துட்டாவ. ரெண்டுக்கும் ஒரே லைன்னு சொல்லி வச்சும் மறந்துட்டாவ. பேய் கத்துதுன்னு படக்குன்னு வச்சிட்டாவ." குரல் இறங்கியிருந்தது. "சரிட்டி. ஒத்த ஆள் ஆட்டத்தையே கொண்டு போ. அத நீ பாத்துக்க, நான் இந்தக் கடையப் பாத்துக்கிடுதேன்."

"பொன்னுராஜ் கதவச் சாத்தல."

"சாத்தலயா?"

"காத்து தீருற மட்டும் ஒன் கொழுந்தனுக்காக நின்னான்."

"அப்ப நான் ஜெயிச்சுட்டேன்."

"பாதி. லைன் இருக்க மட்டும் ரெண்டு பேரும் மழையப் பத்திப் பேசுனானுவ. அறுந்த பொறவுதான் அது என் ஆட்டமாச்சு. ஆனா கூட ஒருத்தர் வந்திருக்காட்டா, அறுக்கதுக்கு ஒண்ணும் இருந்திருக்காது."

"அறுத்தது மாமி தயவு."

"மாமி தயவ நம்பி மதுரைக்குப் போவ முடியாது. கதவுக்கிட்ட வந்ததும் பேச்ச நாமளே அறுக்கணும். ரெண்டு பேருக்கும். அவன் திரையில வாசல்ல இவன் நிப்பான், இவன் திரையில வாசல்ல அவன் நிப்பான். சாத்துததும் சாத்தாததும் அவனவன் பாடு."

"ஆடுதவிய லைன் ரிப்பேருன்னு சொல்லுவாவட்டி."

"சொல்லட்டும். என்ன செஞ்சோம்னு நமக்குத் தெரியும்."

ஆரிபா அங்கே கீபோர்டில் இரண்டு வரி தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது. பிறகு, "விடியுறதுக்குள்ள அத எழுதணும்னா நான் அங்க வந்து ஒக்காரணும். இப்பத்தான் வந்தேன். பொழுது வேற சாயுது. எங்க வீட்டுக்காரவிய என்ன சொல்லுவாவளோ, மாமிகிட்ட என்னன்னு கேக்க?"

"நீதான் எழுதணும், எனக்குக் கதைதான் வரும்" என்றாள் இன்பம். "ஒன் சேர்ல இன்னும் யாரையும் ஒக்கார விடல. வாரியாட்டி?"