பதினொன்றாம் நம்பருக்குப் போன வலி

தண்ணீர்க் குழாய் செய்யும் கம்பெனியின் மேனேஜருக்கு ஐம்பத்து மூன்றாவது வயதில், ஒரு வியாழக்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, டைரக்டர்கள் கூட்டத்தின் நடுவில் பிரசவ வலி கண்டது. பிள்ளை அவருடையது அல்ல, கீழ்த்தளத்தில் டெலிபோன் போர்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஆபரேட்டருடையது. அவளோ அந்த நேரத்தில் வலி என்று ஒரு துளியும் இல்லாமல், குழாய் ஒழுகுகிறது என்று கத்திக்கொண்டிருந்த ஒரு வீட்டுக்காரரை விற்பனைப் பிரிவுக்கு மாற்றிக்கொண்டிருந்தாள். இதில் மூக்கில் விரல் வைக்க ஒன்றுமில்லை. புது டெலிபோன் வந்த நாளிலிருந்து அந்த ஆபீசில் இப்படித்தான் நடந்து வந்தது, சம்பளம் மட்டும் பழைய சம்பளம்.

புது டெலிபோன் வந்தது அதற்கு நாலு வருஷம் முன்பு. பூட்ட வந்தவன் இரண்டு நாள் சுவரெல்லாம் துளை போட்டு, அறைக்கு ஒரு கருவி வைத்து, அறுபத்து நாலு பக்கத்தில் ஒரு கையேட்டையும் கொடுத்துவிட்டுப் போனான். கையேட்டைப் படித்தது ஆபரேட்டர் ஒருத்திதான். பூஜ்ஜியத்தை அழுத்தினால் அவள் வருவாள் என்பதால் ஆபீஸ் முழுக்க அவளை ஜீரோ என்றே கூப்பிட்டது. அவளுக்கு அதில் வருத்தமில்லை. ஜீரோவைத் தொடாமல் ஒரு பெரிய மனுஷனும் வெளியே பேச முடியாது என்பது அவளுக்குத் தெரியும். முதல் மாதமே கொள்முதல் அதிகாரி, சண்டை போட்டுக்கொண்டிருந்த மனைவியை ஹோல்டில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனார். அந்த அம்மாள் வீட்டில் கரண்டியை ஓங்கியபடி, வாயைத் திறந்தபடி, அடுப்பில் இருந்தது கரிய, ஐம்பது நிமிஷம் அப்படியே நின்றாள். இவர் வந்து பொத்தானை அழுத்தியதும் விட்ட வார்த்தையிலிருந்து வசவு தொடர்ந்தது. அன்று முதல் அந்தப் பிரிவில் எல்லாரும் நிம்மதியாக டீ குடித்தார்கள். ஸ்டோரில் ஒருவரும் பேக்கிங்கில் ஒருவருமாக, வீட்டுப் பங்கு விஷயத்தில் பேச்சை நிறுத்தியிருந்த அண்ணன் தம்பியை அவர்கள் அம்மாவோடு மூவர் பேச்சில் ஜீரோ இணைத்துவிட்டாள். ஒரு வாரத்துக்கு யார் வாயைத் திறந்தாலும் மற்ற இரண்டு பேர் மனசில் இருந்ததும் சேர்ந்தே வெளியே கொட்டியது. எட்டாம் நாள், மானம் போகிறது என்று இரண்டு பேரும் உட்கார்ந்து வீட்டைப் பங்கு பிரித்துக்கொண்டார்கள்.

மேனேஜர் இந்த வசதிகளில் ஒன்றைத்தான் கற்றுக்கொண்டார். தனக்கு வருவதை இன்னொருத்தர் தலையில் தள்ளிவிடும் ஃபார்வர்டு. சும்மா சொல்லக் கூடாது, அந்த வேலையில் மனுஷனுக்குப் பிறவி ஞானம். தன் பதினொன்றாம் நம்பருக்கு வரும் எல்லாவற்றையும் ஜீரோவுக்குத் திருப்பிவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். டெலிபோன் அழைப்போடு நின்றிருந்தால் பரவாயில்லை. மறுநாளே அவருக்கு வர வேண்டிய விக்கல் அவளுக்கு வந்தது. அப்புறம் தும்மல், நெஞ்செரிச்சல், முதுகில் கை எட்டாத இடத்து அரிப்பு. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள், அவருக்கு வந்தும் தெரியவில்லை. ஒரு நாள் பல் டாக்டர் அவருடைய கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியபோது அவர் நாற்காலியில் பத்திரிகை படித்துக்கொண்டிருக்க, இங்கே ஜீரோ கன்னத்தைப் பிடித்துக்கொண்டு போர்டு மேல் கவிழ்ந்தாள். யார் போட்ட ஃபார்வர்டோ அவர் கருவியிலிருந்துதான் அதை எடுக்க முடியும் என்று கையேட்டில் இருந்தது. அந்தக் கருவியை நெருங்க யாருக்குத் தைரியம்? இதுவும் வேலையில் ஒரு பகுதிதான் போலிருக்கிறது என்று மூன்று வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள், அதுவும் பாதி அவர் பல்வலி.

அப்போதுதான் அவள் உண்டானாள். புருஷன் அதே கம்பெனியில் வேன் ஓட்டுகிறவன். இதற்கு முன்னே இரண்டு தடவை உண்டாகி, இரண்டும் நாலாம் மாதம் தங்காமல் போயிருந்தன. இரண்டாவது போனபோது, இனி ஆசைப்படுவதில்லை என்று அவள் புருஷனிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். ஆசை சத்தியத்தைக் கேட்டா வருகிறது? இந்தத் தடவை எப்படியாவது இதைக் காப்பாற்றிக் கையில் வாங்கிவிட வேண்டும், வேறு எதுவும் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை. டாக்டரம்மா ஓய்வு எடுக்கச் சொன்னதால் மேனேஜர் அறைக்குப் போய் லீவு கேட்டாள். அவர் தாளை விட்டு நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"வலி வரட்டும்மா, அப்புறம் லீவு. வயித்துல இருக்கறப்பவே லீவு குடுத்தா ஆபீஸ் உருப்படுமா?"

சொல்லிவிட்டுக் கை கழுவ எழுந்து போனார். அவர் திரும்புவதற்குள் ஜீரோ அவர் கருவியில் நாலு பொத்தானை அழுத்தி அவர் போட்டிருந்த ஃபார்வர்டை எடுத்தாள். கீழே இறங்கி வந்து, தனக்கு வருகிற எல்லாவற்றையும் பதினொன்றாம் நம்பருக்குத் திருப்பிவிட்டாள். வலிதானே வரணும், வரட்டும், கேட்ட ஆளுக்கே வரட்டும் என்று நினைத்தபோது மூன்று வருஷத்தில் முதல் தடவையாக அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அந்தச் சிரிப்பும் மேலே போய்விட்டது. மேனேஜர் காரணமே இல்லாமல் கழிவறையில் நின்று சிரித்ததைக் கணக்காளர் பார்த்திருக்கிறார்.

மறுநாள் காலை மேனேஜரின் டெலிபோன் அடித்தது. எடுத்தார். யாரும் பேசவில்லை, லப் டப், லப் டப் என்று மெல்லிசாக ஒரு சத்தம் மட்டும். இனி யாரும் தொந்தரவு செய்யக் கூடாது என்று ரிசீவரைத் திரும்ப வைக்காமல் மேஜை மேலேயே படுக்கப் போட்டார். இரண்டு நிமிஷம் கழித்துக் குப்பைக் கூடையில் வாந்தி எடுத்தார். வயிறு என்னவோ ஜீரோவுக்குத்தான் வளர்ந்தது, அதோடு வரும் அவஸ்தை அத்தனையும் அவருக்குப் போனது. ஆபீஸ் சாக்பீஸ் டப்பாக்கள் காலியாகி, அவர் மீசையில் வெள்ளைப் பொடி தெரிந்தது. கணக்காளரின் தலையெண்ணெய் வாசனை பிடிக்கவில்லை என்று அந்த மனுஷனை மேல் மாடிக்கு மாற்றினார். கால் வீங்கி ஷூ நுழையாமல் செருப்போடு வந்தார். ஒழுகும் குழாயைப் பற்றி வந்த புகார்க் கடிதத்தைப் படித்துத் தேம்பி அழுது, புதுக் குழாய் இலவசமாக அனுப்பச் சொன்னார். ஜீரோவோ காற்று மாதிரி மாடிப்படி ஏறி இறங்கினாள். நாலாம் மாதம் தாண்டியது. ஐந்தும் தாண்டியது.

ஏழாம் மாதம் டாக்டரம்மா அவள் வயிற்றில் கை வைத்துப் பார்த்து, குழந்தை எப்படி உதைக்கிறது என்று சாதாரணமாகத்தான் கேட்டார். ஜீரோவுக்கு ஒரு உதை கூட வந்ததில்லை. அதோடு விட்டாரா? முன்னே இரண்டு போயிருக்கிறது, குழந்தை கொஞ்சம் கோணலாக வேறு இருக்கிறது, வலி கண்ட ஒரு மணி நேரத்தில் நீ இந்தக் கட்டிலில் இருக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார். வலி எங்கே வரும் என்று அவருக்கு எப்படிச் சொல்வது? ஆபீசுக்கு ஓடி வந்து ஃபார்வர்டை எடுக்கப் பொத்தானில் விரல் வைத்தவள், எதற்கும் பார்த்துவிடலாம் என்று கையேட்டைப் பிரித்தாள். நாற்பத்தோராம் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருந்தது: பேச்சு நடந்துகொண்டிருக்கும்போது ஃபார்வர்டை எடுத்தாலோ, மறுமுனையில் ரிசீவரை வைத்தாலோ, நடக்கிற அழைப்பு அறுந்து போகும், ஃபார்வர்டும் அதோடு நீங்கும். மேலே மேனேஜர் மேஜையில் மாதக்கணக்காக ஒரு அழைப்பு நடந்துகொண்டே இருக்கிறது. இரண்டு தடவை அறுந்து போனதைப் பார்த்தவள் அவள். விரலை எடுத்துக்கொண்டு, தன் விளையாட்டுப் புத்தியைத் தானே திட்டிக்கொண்டு, மாடியேறினாள்.

மேனேஜர் ஒரு கையைச் சட்டைக்குள் விட்டு வயிற்றில் வைத்துக்கொண்டு, மறு கையால் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். ஜீரோ கதவைச் சாத்திவிட்டு, வேலை போனாலும் போகட்டும் என்று ஒன்று விடாமல் சொன்னாள். அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தாள். அவர் பேனாவை மூடி வைத்தார்.

"அப்ப இது வாயு இல்லையா?" என்றார். "மூணு டாக்டர் வாயுன்னாங்க. வாயு இவ்வளவு பாசமா இருக்குமான்னு எனக்கும் சந்தேகமாத்தான் இருந்துச்சு."

"சார், அந்த ரிசீவரை மட்டும் வெச்சுடாதீங்க சார். வெச்சா இதுவும் போயிடும்."

அவர் ரிசீவரைப் பார்த்தார். அன்று காலைகூட, கம்பி சிக்கிக்கொள்கிறது என்று அதை எடுத்து வைக்கப் போனதை நினைத்து அவருக்கு வியர்த்தது. கழுத்துத் துண்டை நாலாக மடித்து அதன் மேல் ரிசீவரைப் படுக்க வைத்தார். மேஜையைத் துடைக்க வருகிற அம்மாளுக்கு அன்றிலிருந்து அந்த அறையில் வேலை இல்லை. சரி, இவ்வளவு நல்ல மனுஷனாகிவிட்டாரே, லீவு கொடுத்தாரா என்று கேட்பீர்கள். கொடுத்தால் போர்டில் யார் உட்காருவது என்றார். பிறவிக் குணம் சில மாதத்தில் போய்விடுமா! ஆனால் தினமும் காலை அவரே மாடியிறங்கி வந்து, போர்டு பக்கத்தில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்து, குழந்தை நேற்று என்னென்ன செய்தது என்று சொன்னார். பத்தரைக்கு ஒரு உதை, இடது பக்கம். சாப்பிட்டால் விக்கல். கணக்காளர் குரல் கேட்டால் ஒரு புரளல். ஜீரோ கண்ணை விரித்துக் கேட்டாள். கேட்கக் கேட்கப் பொறாமையில் வயிறு எரிந்தது, அந்த எரிச்சலும் அவருக்கே போயிற்று, பாவம். வீட்டில் புருஷன் அவள் வயிற்றில் காது வைத்து, இப்போ உதைச்சான் பார் என்று சந்தோஷப்பட்டபோது, அவள் ஆமாம் ஆமாம் என்று பொய் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஊருக்கெல்லாம் இணைப்புக் கொடுக்கிறவளுக்கு வயிற்றிலிருக்கும் பிள்ளையோடு இணைப்பு இல்லை என்றால், அதை யாரிடம் போய்ச் சொல்வது?

அந்த வியாழக்கிழமை டைரக்டர்கள் ஐந்து பேர் வந்திருந்தார்கள். ரிசீவரை விட்டு நகர மாட்டேன் என்று மேனேஜர் அடம் பிடித்ததால் கூட்டம் அவர் அறையிலேயே நடந்தது. பித்தளை விலை ஏற்றத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர் நடுவில் நிறுத்தி, மேஜை விளிம்பைப் பிடித்து, முழி பிதுங்க நின்றார். அப்புறம் ரிசீவரை எடுத்துச் சொன்னது கீழே ஜீரோவின் காதுக்குக் கேட்டது.

"கிளம்பும்மா. வந்துடுச்சு."

ஜீரோ பதறவில்லை. முதலில் ஆஸ்பத்திரிப் பிரசவ வார்டின் டெலிபோனைக் கூப்பிட்டு, மேனேஜரின் அழைப்பு அறுந்துவிடாமல் மூவர் பேச்சில் சேர்த்தாள். குழாய் ஒழுகுகிறது என்று கத்திக்கொண்டிருந்த வீட்டுக்காரரை ஹோல்டில் போட்டாள். அவர் அன்று சாயங்காலம் வரை வாளியும் கையுமாகத் தன் குளியலறையில் நின்றதாகக் கேள்வி. குழாய்ப் பெட்டிகளுக்கு நடுவே வேனில் ஏறினாள். புருஷன் சிவப்பு விளக்கு ஒன்றைக் கூட மதிக்காமல் ஓட்டினான். நாற்பது நிமிஷத்தில் கட்டிலில் இருந்தாள்.

வலி வரும்போது முக்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. வலி இங்கே வராது, அங்கே கேளுங்கள் என்று ஜீரோ தலைமாட்டில் இருந்த டெலிபோனைக் காட்டினாள். டாக்டரம்மா எத்தனையோ பிரசவம் பார்த்தவர், வாதாடுகிற நேரமா அது? ரிசீவரை எடுத்து அவள் காதில் வைத்தார். மேனேஜர் கார்ப்பெட்டில் மல்லாந்து கிடந்து "இப்போ" என்பார், அங்கே ஐந்து டைரக்டர்களும் சேர்ந்து முக்கும்மா, முக்கு என்று கத்துவார்கள், இங்கே அவள் முக்குவாள். அவர் "விட்டுடுச்சு" என்றால் மூச்சு வாங்குவாள். இப்படி இரண்டு மணி நேரம். கடைசியில் அவர் போட்ட ஒரு அலறலில் மேல் மாடியில் கணக்காளர் பேரேட்டைக் கீழே போட்டார், பெண் குழந்தை பிறந்தது.

பிறந்தது, அழவில்லை. வாய் திறந்திருந்தது, முகம் சிவந்திருந்தது, சத்தம் மட்டும் இல்லை. டாக்டரம்மா தலைகீழாகப் பிடித்துத் தட்டினார், மறுபடி தட்டினார். ஜீரோவுக்கு உலகம் நின்றுபோன மாதிரி இருந்தது. மூன்றாவதும் போயிற்று என்றே நினைத்துவிட்டாள். அப்போது காதில் இருந்த ரிசீவருக்குள் மேனேஜரின் குரல், அழுகையும் சிரிப்புமாக வந்தது.

"அழறாம்மா. என்ன தொண்டை! இங்க ரூமே அதிருது."

கேட்டாள். ரிசீவருக்குள், டைரக்டர்களின் இரைச்சலுக்கு மேலே, அவள் பிள்ளை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள்.

"சார், இப்போ வெச்சுடலாம் சார்."

டாக்டரம்மா அவள் கையைப் பிடித்தார். வைத்தால் மிச்ச வலியெல்லாம் உனக்கு வரும், தையல் வேறு பாக்கி இருக்கிறது, அதுவரைக்கும் அங்கேயே இருந்துவிட்டுப் போகட்டுமே என்றார்.

"வரட்டும் டாக்டர். எனக்குன்னு வந்ததுதானே."

மறுமுனையில் இருந்தவரோ இத்தனை மாதம் சுமந்தவர், சட்டென்று வைக்க மனசு வருமா? ஒரு நிமிஷம்மா, இப்பதான் கொஞ்சம் அடங்குது என்றார். ரிசீவரைத் தோளில் சாய்த்துத் தட்டிக்கொடுக்கிற சத்தம் கேட்டது. அப்புறம், வெக்கறேன் என்றார். வைத்தார். தலைமை டைரக்டர் பெண் குழந்தை என்று நடவடிக்கைக் குறிப்பில் எழுதச் சொல்லிவிட்டு, பித்தளை விலையில் விட்ட இடத்துக்குத் திரும்பினார்.

வார்டில் அழுகை பாதியிலிருந்து தொடங்கியது. கூடவே வலியும் வந்தது, இத்தனை நாள் வழி தெரியாமல் அலைந்தது போல மொத்தமாக வந்தது. ஐயோ அம்மா என்று அவள் போட்ட சத்தத்தில், வெளியே நின்ற புருஷன் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிட்டான். என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்று கேட்டான்.

"வலிக்குதுங்க" என்றாள் அவள், முகமெல்லாம் பல்லாக.